மறந்து கிடந்த பாதை யாருடையது?

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் கிடந்த பத்துப் பைசாவை எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைக்கும் பிள்ளையை, வகுப்பின் நடுவே எழுப்பி நிறுத்திக் கைதட்டச் செய்வது நம் வழக்கம். தஞ்சையில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் அவ்வாறே நமக்குக் கற்பிக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதனைத் தவறாமல் செய்து வந்தோம். ஒருமுறை ஒரு சிறுவன் எழுந்து, "உரியவர் வரவே இல்லையென்றால் அந்தக் காசு யாருக்கு டீச்சர்?" என்று கேட்டான். உண்டியலில் போட்டுவிடுவோம் என்று சொல்லி அமர்த்தினோம். அவன் கேட்டது அதுவன்று என்பது அப்பொழுதே நமக்குத் தெரியும்.

அக்கேள்வி சென்ற ஆண்டு, எழுபத்தைந்தைத் தாண்டிய வயதில், கடல் கடந்த ஊரொன்றில் மீண்டும் நம் முன் வந்து நின்றது.

பாரீஸ் நகரில் படித்துக்கொண்டிருக்கும் நம் பேத்தி, "பாட்டி, உங்களுக்குக் கோபுரம் காட்டப் போவதில்லை, ஒரு பழைய ரயில் பாதையைக் காட்டப் போகிறேன்" என்று அழைத்துச் சென்றாள். பாஸ்தீல் என்னும் இடத்திலிருந்து வென்சேன் நோக்கிச் செல்லும் அந்த இருப்புப்பாதை 1859ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நூற்றுப் பத்து ஆண்டுகள் ஓடி, 1969 டிசம்பரில் நின்றது. பாஸ்தீல் நிலையத்தை 1984இல் இடித்துவிட்டு அவ்விடத்தில் இசை நாடக அரங்கம் கட்டினார்கள். ஆனால் நிலையத்துக்கு அப்பால் டோமெனில் சாலையை ஒட்டி, செங்கல்லாலும் கல்லாலும் வளைவு வளைவாகக் கட்டப்பட்ட மேம்பாலம் மட்டும் இடிபடாமல் நின்றது. அதன் மேற்புறத்தை மரஞ்செடி கொடிகள் நிறைந்த நடைபாதையாக்கி 1993இல் திறந்தார்கள். கீழேயிருந்த அறுபதுக்கும் மேற்பட்ட வளைவுகளைச் செப்பனிட்டு, கண்ணாடி முகப்பு வைத்து, கைவினைஞர்களுக்குப் பட்டறைகளாகவும் கடைகளாகவும் அமைத்துக் கொடுத்தார்கள்.

கீழ்ப்புறத்திலிருந்துதான் நாம் தொடங்கினோம். ஒரு வளைவுக்குள் ஒருவர் பழைய குடைகளை அவிழ்த்துக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார். வேறொன்றில் தச்சர்கள் பழைய நாற்காலிகளுக்குப் புதுக்கால் பொருத்தினார்கள். மற்றொன்றில் வயலின்கள் நரம்பின்றித் தொங்கின. அப்பகுதிக்கு அருகிலுள்ள தெருக்கள் பல நூற்றாண்டுகளாக மரவேலைக்குப் பேர் பெற்றவையாம். மரத்தூள் மணத்தை மூக்கில் ஏற்றதும் நம் மனம் தஞ்சைக்குப் போய்விட்டது. பலாமரத்தைக் குடைந்து வீணை செய்யும் குடும்பங்களும், தலையாட்டி பொம்மைக்கு வண்ணம் தீட்டுவோரும், நெட்டியைச் சீவிக் கோயில் கோபுரம் சமைப்போரும் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் தம் வீட்டுத் திண்ணையிலும் சந்துக்குள்ளும் அமர்ந்து வேலை செய்கிறார்கள். இப்படி ஒரு வளைவு அவர்களுக்கு வாய்த்தால் எப்படியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

தோல் வேலை நடக்கும் கடையொன்றின் முன் நாம் நில்லாமல் விரைந்ததைக் கண்டு பேத்தி சிரித்தாள். "பாட்டி, தோலைக் கண்டு ஓடுகிறீர்கள், என் அம்மாவின் கல்யாணத்துக்குத் திருபுவனம் பட்டுத்தானே எடுத்தீர்கள்?" என்றாள். விடை சொல்ல இயலவில்லை. அதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்; எழுதுவோமா என்பது ஐயமே.

படியேறி மேலே சென்றால் காட்சி முற்றிலும் வேறு. தெருவின் இரைச்சல் கீழே தங்கிவிடுகிறது. வீடுகளின் மூன்றாம் மாடிச் சாளரங்கள் நம் தோளுக்கு நேராக வருகின்றன. இருபுறமும் ரோஜாவும் லாவெண்டரும் மூங்கிலும், வளைவுப் பந்தல்களில் ஏறிய கொடிகளும். முதியோர் நடக்கிறார்கள், தாய்மார் தள்ளுவண்டியில் குழந்தைகளைக் கொண்டுவருகிறார்கள். நான்கரை கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான அப்பாதை சிறிது தொலைவு பாலத்தின் மேலும், பிறகு தரையிலும், சில இடங்களில் சுரங்கத்தினூடும் செல்கிறது. நாம் பாதிக்கு மேல் நடக்கவில்லை. முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

அப்பாதைக்கு இப்போது ரெனே துய்மோன் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டறிந்தபோது வியப்பு மேலிட்டது. அவர் ஒரு வேளாண் அறிஞர். இளமையில் வியட்நாம் நாட்டின் டோன்கின் டெல்டாவில் நெல் சாகுபடியை ஆராய்ந்து 1935இல் நூல் எழுதியவர். நம்மைப் போன்ற நாற்றங்கால் மனிதர்களைப் பார்த்துப் படித்தவர் என்று சொல்லலாம். 1974ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது, தொலைக்காட்சியில் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் காட்டி, இது அரிதாகப் போகும் நாள் தொலைவில் இல்லை என்று எச்சரித்தாராம். அந்நாளில் சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். மேட்டூர் திறக்குமா என்று ஜூன் மாதந்தோறும் நாள்காட்டியைப் பார்க்கும் நமக்குச் சிரிப்பு வராது.

இவ்வளவும் கண்டு மகிழ்ந்து ஒரு பலகையில் அமர்ந்திருக்கையில் பேத்தி சொன்னாள்: "யாருக்கும் வேண்டாமல் கிடந்த இடம் பாட்டி. எவ்வளவு அழகாக ஆக்கிவிட்டார்கள்!"

'யாருக்கும் வேண்டாமல் கிடந்த இடம்.' இச்சொற்களை நாம் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறோம். நம் வீட்டுக் கொல்லையில், நம் மாமனார் வாயால், பிறகு நம் கணவர் வாயால், பிறகு நம் வாயாலேயே. அதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் வாழ்க்கைப்பட்ட ஊர் நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையில் உள்ளது. சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மீட்டர் கேஜ் பாதை நம் வீட்டுக் கொல்லையை ஒட்டிச் சென்றது. திருமணமான புதிதில் அந்த ரயிலில்தான் மன்னார்குடி மல்லிநாதர் ஜினாலயத்துக்குத் தரிசனம் செய்யப் போவோம். 1976இல் அந்த ரயில் நிறுத்தப்பட்டது; வருமானம் போதவில்லை என்றார்கள். பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்ந்தன. எஞ்சியது வயல்களுக்கு நடுவே ஓடும் ஒரு மேடு. நம் பகுதியில் மேட்டு நிலத்தின் அருமை வாசகர்களுக்குத் தெரியும். ஐப்பசி அடைமழையில் ஊரே நீரில் நிற்கும்போது பாம்பும் கீரியும் மனிதனும் ஒருங்கே நாடும் இடம் அது. எருக்கும் நாயுருவியும் ஈச்சம்புதரும் ஓராண்டிலேயே அதை மூடிக்கொண்டன.

1977 நவம்பர்ப் புயலை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள். கூடை முடையும் குடும்பமொன்று வாய்க்கால் கரையில் குடிசை கட்டியிருந்தது. புயல் அதைத் தடமின்றி எடுத்துப் போயிற்று. மழையில் நனைந்த குழந்தைகளோடு வாசலில் வந்து நின்றவரிடம் நம் மாமனார், "ரயில் மேடு சும்மாத்தானே கிடக்கு, அங்கே கட்டிக்கோ. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லு" என்றார். மூங்கிலும் கீற்றும் நம் தோப்பிலிருந்தே போயின. ஊரார் அவரைப் புகழ்ந்தார்கள். நாமும் மாமனாரை எண்ணிப் பெருமை கொண்டோம். அடைக்கலம் கொடுத்தவர் அல்லவா?

அதன்பின் நடந்தவை மெல்ல மெல்ல நடந்தன. முதலில் நம் வைக்கோற்போர் அந்த மேட்டுக்கு ஏறிற்று. நனையாமல் இருக்கும் என்பதற்காக. அடுத்த ஆண்டு வாழை வைத்தோம். பிறகு பன்னிரண்டு தென்னம்பிள்ளைகள். எந்த ஆண்டு வேலி நகர்ந்தது என்று இன்று கேட்டால் நம்மால் சொல்ல இயலாது. பொய்யன்று, உண்மையிலேயே நினைவில்லை. அத்தனை இயல்பாக நகர்ந்தது அது.

இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திர ஆசாரியர் கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு வரம்பு கூறுகிறார். வைக்கப்பட்ட பொருள், விழுந்து கிடக்கும் பொருள், மறக்கப்பட்ட பொருள் ஆகிய மூன்றையுமே அதில் சேர்க்கிறார். பூட்டை உடைத்து எடுப்பது மட்டுமே களவன்று. பிறருடையதாயிருந்து, அவர் கொடாமல், கேட்பாரற்றுக் கிடப்பதைக் கையில் எடுத்தாலும் விரதம் குறைபடும். அவர் அத்தோடு நிற்கவில்லை. அப்பொருளைத் தான் எடுக்காததோடு, எடுத்துப் பிறருக்குக் கொடுக்காமலும் இருக்க வேண்டும் என்கிறார். அருங்கலச்செப்பின் வழியாகத் தமிழிலும் இக்கருத்துகள் நம் வீடுகளுக்கு வந்திருக்கின்றன. இளமையில் இதனைப் படித்தபோது, 'கொடுப்பதில் என்ன குற்றம்?' என்று தோன்றியதுண்டு. எழுபது வயதுக்கு மேல்தான் விளங்கிற்று. தனதல்லாததைத் தானமாகக் கொடுத்தவருக்குப் புகழ் வருகிறது. அதை வாங்கியவருக்கோ ஒருநாள் ஆபத்து வருகிறது.

அது வந்தது. மன்னார்குடிப் பாதையை அகலப் பாதையாக மீண்டும் போட முடிவாயிற்று. அளவுச் சங்கிலியோடு ஆட்கள் வந்தார்கள். கல் நட்டார்கள். நம் வேலி, கல்லுக்கு வெகு அப்பால் இருந்தது. தென்னைகள் அப்போது முழுக் காய்ப்பில் இருந்தன. வெட்டும் நாளில் நாம் வெளியே வரவில்லை. உள்ளே அமர்ந்து நவகாரம் ஜபித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மரமும் விழும் ஓசை தரையில் அதிர்ந்தது. அணிற்பிள்ளைகளும் காக்கைக் கூடுகளும் என்னவாயின என்று எண்ணி, வெட்டியவர்களின் மேல் கோபம் பொங்கிற்று. இத்தனை உயிர்களுக்குத் தீங்கு செய்கிறார்களே என்று.

இப்போது அதைத் திரும்பிப் பார்க்கிறோம். அம்மரங்களின் சாவு அவற்றை வெட்டிய நாளில் தொடங்கவில்லை. உரிமையில்லாத இடத்தில் நாம் அவற்றை நட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. கோடரி பிடித்தவன் கூலிக்கு வந்தவன். அந்த இம்சையின் பெரும்பங்கு நட்ட கைக்கு உரியது. நடும்போது நாம் நல்லது செய்வதாகவே நினைத்தோம். தென்னம்பிள்ளைக்கு நீர் ஊற்றுபவரைக் குற்றம் சொல்ல யாருக்குத் தோன்றும்?

தென்னைக்கு ஈடு கேட்டு மனு ஒன்றும் அனுப்பினோம். நம் கையெழுத்து அழகாக இருக்கும் என்று கணவர் நம்மையே எழுதச் சொன்னார். மரத்தின் வயது, காய்ப்பு, எண்ணிக்கை எல்லாவற்றையும் வரிசையாக எழுதினோம். மேட்டின் மறுகோடியில் இருந்த குடிசையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. கூடை முடைபவர் அப்போது இல்லை. அவர் மகனும் மருமகளும் ஒரு பெண்குழந்தையும் இருந்தார்கள். முப்பது ஆண்டுகளாகப் பட்டாவின்றி இருந்த அவர்கள் வீட்டைப் பிரித்து மூங்கிலைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு போனார்கள். நமக்குப் போனது பன்னிரண்டு மரங்கள். அவர்களுக்குப் போனது வீடு. போகும்போது நம்மைக் குறை சொல்லவில்லை. "பெரியவர் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டார்" என்று மட்டும் அந்த மகன் சொன்னார். பெரியவர் இருந்திருந்தால் என்ன செய்திருக்க இயலும்? ஒன்றுமில்லை. அவர் கொடுத்தது அவருடையதன்று.

நம் சொந்த நிலத்தில் ஐந்து சென்ட் கொடுத்திருக்கலாம். அந்த எண்ணம் அன்று நமக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. தள்ளிப் போட்டோம். மகளின் திருமணச் செலவு, கணவரின் நோய், பங்காளிகளின் பேச்சு என்று காரணங்கள் இருந்தன. காரணங்கள் எப்போதும் இருக்கும்.

2011இல் ரயில் வந்தது. நம் ஊரே கூடி மாலை போட்டது. மன்னார்குடிக்கும் சென்னைக்கும் நேரே வண்டி ஓடுகிறது என்றால் டெல்டாவில் அது சிறிய செய்தியன்று. இங்கேதான் பாரீஸ் நகரத் தோட்டத்தைப் பற்றி ஓர் ஐயம் எழுகிறது. 1980களில் எவரேனும் நம் மேட்டை அழகிய பூங்காவாக்கி, கடைகளும் வைத்திருந்தால், அந்த ரயில் திரும்பி வந்திருக்குமா? மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்குச் சென்ற பாதை 1986இல் நின்றது; அதைத் திரும்பக் கேட்டு மக்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுக்கிறார்கள். பேரளம்–காரைக்கால் பாதை 1987இல் நின்று, அண்மையில்தான் மீண்டும் போடப்பட்டது. நம் பகுதியில் ரயில் பாதை இறப்பதில்லை, உறங்குகிறது. அமெரிக்க நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கு வழி கண்டிருக்கிறது. நின்றுபோன பாதையில் மக்கள் நடக்கலாம், மிதிவண்டி ஓட்டலாம். ஆனால் ரயிலுக்கு மீண்டும் தேவைப்பட்டால் திருப்பித் தர வேண்டும் என்னும் நிபந்தனையோடு பாதையைக் கலையாமல் வைத்திருக்கிறார்கள். அதாவது, உடைமையாக அன்று, அடைக்கலப் பொருளாக. சிராவகர் இல்லத்தில் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று நம் பெரியோர் சொன்னார்களோ, ஏறத்தாழ அப்படியே இருக்கிறது அது.

ஆனாலும் பாரீஸ்காரர்களின் செயலையும் நம் வேலியையும் ஒன்றென்று சொல்லிவிட முடியாது. அங்கே நகரம் தன் மக்கள் அனைவருக்குமாகத் திறந்து வைத்தது, கதவுக்குச் சீட்டு இல்லை, யாரும் அமரலாம். நாமோ வேலிக்குப் படல் வைத்துச் சாத்தினோம். எல்லாருக்கும் திறந்து வைத்துவிட்டால் மட்டும் குற்றம் நீங்கிவிடுமா என்றால், அதுவும் எளிதன்று. நியூயார்க் நகரில் 1934இல் கட்டப்பட்ட மேல்நிலைச் சரக்குப் பாதை ஒன்று உண்டு. இறைச்சிக் கிடங்குகளுக்கு மாமிசமும் வேறு பொருள்களும் கொண்டுசெல்ல எழுந்தது; 1980இல் அதில் சென்ற கடைசி வண்டி உறைய வைத்த வான்கோழிகளைச் சுமந்து சென்றதாம். அத்தகைய பாதை 2009 முதல் பூங்காவாகியிருக்கிறது என்று கேட்டவுடன் நம் உள்ளம் குளிர்ந்தது. இரண்டு செய்திகள் அந்தக் குளிர்ச்சியைச் சற்றுக் குறைத்தன. இருபத்தைந்து ஆண்டுகள் தாமே முளைத்துப் பரவிய புல்லையும் செடியையும் பெரும்பாலும் களைந்துவிட்டு, அவற்றின் சாயலிலேயே புதிதாக நட்டார்களாம். பூங்கா வந்தபின் சுற்றுப்புறத்தில் வீட்டு விலை ஏறி, அருகிலிருந்த எளிய மக்களுக்கு அதனால் பெரும்பயன் கிட்டவில்லை என்று, அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரே பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மை நமக்குப் பிடித்திருந்தது. நாம் அவ்வளவு விரைவாக ஒப்புக்கொள்ளவில்லை.

கூடை முடைந்தவர் செய்ததும் கள்ளாமைக்கு மாறானதா என்று வாசகர் கேட்கலாம். நாமும் பல இரவுகள் கேட்டுக்கொண்டோம். நூலின்படி அவரும் கொடாத இடத்தில் இருந்தவர்தாம். ஆனால் புயலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியவரையும், வைக்கோல் நனையாதிருக்க மேட்டில் ஏறிய நம்மையும் ஒரே தராசில் நிறுத்த மனம் ஒப்பவில்லை. அவருக்கு வேறு இடமில்லை. நமக்கு மூன்று வேலி நிலம் இருந்தது. கற்றோர் யாரேனும் இதைச் சாத்திர நெறிப்படி விளக்கி எழுதினால் நன்றியுடன் படிப்போம்.

பாரீஸிலிருந்து திரும்பியதும், சென்னையிலிருந்து மன்னை எக்ஸ்பிரஸில் வந்தோம். விடியற்காலையில் நீடாமங்கலம் தாண்டியதும் சாளரத்தின் அருகே எழுந்து அமர்ந்தோம். நம் வீட்டுக் கொல்லை கண் இமைக்கும் நேரத்தில் கடந்து போயிற்று. எல்லைக்கல் வெள்ளையாகத் தெரிந்தது. குடிசை இருந்த இடம் எதுவென்று அடையாளம் காண இயலவில்லை; சரளைக்கல் கொட்டியிருந்தது.

பிறகு ஒரு மாதம் விசாரித்து, கூடை முடைந்தவரின் பேத்தியை மன்னார்குடியில் கண்டுபிடித்தோம். அவள் நம்மிடம் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இப்போது துணிக்கடையில் வேலை. தாய்க்காக மட்டும் இரவில் முறம் முடைகிறாளாம். வாடகை வீடு. சாலையோரம் நம் பெயரில் உள்ள நிலத்தில் ஐந்து சென்ட்டை அவள் பெயருக்கு எழுதி வைக்க நினைக்கிறோம் என்றோம். மகளும் மருமகனும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் சொன்னோம். அவள் உடனே மகிழ்ச்சி காட்டவில்லை. சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்தாள்.

"இதாவது உங்க இடந்தானே டீச்சர்?" என்றாள்.

பையிலிருந்த பட்டாவை எடுத்துக் கொடுத்தோம். அவள் சன்னலருகே வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், சர்வே எண்ணின் மேல் விரலை வைத்து, முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினாள்.